ஐஸ் ஹாக்கியும் ஒரு பழைய சி.ஆரும்



போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து பேத்தி போனில் பேசினாள். "தாத்தா, நம்ம டீமுக்கு இந்த வருஷம் ஆரம்பமே சரியில்லை. எல்லாரும் ஒரே புலம்பல்" என்றாள். அவள் நம்ம டீம் என்று சொல்வது கிரிக்கெட் அணியை அல்ல. நியூயார்க் மாநிலத்தில் இத்தாகா என்ற ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணியை. மகள் குடும்பம் அந்த ஊரில்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நானும் வீட்டம்மாவும் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்தோம். அப்போது பிடித்த பைத்தியம் இது, இன்னும் விடவில்லை.

நம் பக்கத்து அன்பர்கள் பலர் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். புல்தரை ஹாக்கி மாதிரிதான், ஆனால் தரை முழுக்க உறைந்த பனிக்கட்டி. காலில் இரும்புப் பட்டை வைத்த காலணி. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குல கனமும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு கோலியையும் சேர்த்து ஆறு பேர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். வில்லை போகிற வேகத்தில் முதல் இரண்டு ஆட்டங்களில் அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கூட்டம் எழுந்து கத்தினால் கோல் என்று தெரிந்துகொள்வேன்.

அங்கே லைனா என்று ஓர் அரங்கம். 1957இல் திறந்தது. நாலாயிரம் பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். எதிரணி வீரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது மாணவர்கள் எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள், உங்களைப் பார்ப்பதைவிட பேப்பர் படிப்பது மேல் என்று அர்த்தம். ஹார்வர்டு அணி வந்தால் பனித்தரையில் மீனை வீசுவார்கள். அதைப் பார்த்து வீட்டம்மா, "நல்ல மீனைப் போய் இப்படிப் பாழ் பண்றாங்களே" என்று வருத்தப்பட்டாள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் வழக்கமாக ஒரு முதியவர் வருவார். மொன்றியாலில் பிறந்து வளர்ந்து, வேலை நிமித்தம் இத்தாகாவுக்கு வந்து தங்கிவிட்டவர். என் ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். ஃபைலில் ஓடுமே தவிர வாயில் ஓடாது. நான் பிரெஞ்சில் பேசினதும் அவருக்கு ஆச்சரியம். புதுச்சேரி என்ற ஊரைப் பற்றிச் சொன்னேன், நாங்கள் படித்த பள்ளியைப் பற்றிச் சொன்னேன். அன்று முதல் அவர்தான் எனக்கு வாத்தியார்.

அப்போதும் இதே பேச்சுதான். அணி எதிர்பார்த்தபடி ஆடவில்லையாம். இடைவேளையில் காப்பி வாங்க நிற்கும் வரிசையில் எல்லோரும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். புது கோலி தேறமாட்டான், பயிற்சியாளருக்கு வயதாகிவிட்டது, இந்த வருஷம் அவ்வளவுதான். முதியவர் மட்டும், "பசியான்ஸ், மிசியே, கிறிஸ்துமஸ் வரட்டும்" என்பார். பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய கதை சொல்வார். அவர் தொடங்கி வைத்ததை நான் பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். குமாஸ்தா புத்தி, ஆதாரம் இல்லாமல் ஃபைலை நகர்த்த மனசு வராது.

கூரைக்கு உள்ளே, அணி பிரித்து, ஒழுங்காக நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3ஆம் தேதி மொன்றியாலில் நடந்தது. அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இறங்கியது. 1896 பிப்ரவரி 1ஆம் தேதி பால்டிமோர் நகரில் யேல் பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் மோதியதைத்தான் அமெரிக்காவின் முதல் கல்லூரி ஆட்டமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். இரண்டுக்கு இரண்டு, சமம். தேசிய அளவில் கல்லூரிகளுக்கான சாம்பியன் போட்டி 1948இல்தான் வந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் நான்கே அணிகள். இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் 8–4 என்று டார்ட்மவுத்தை வென்றது.

முதியவர் சொன்ன முதல் கதை கார்னெலின் சொந்தக் கதை. 1960களின் கடைசியில் இங்கே கென் டிரைடன் என்று ஒரு கோலி இருந்தார். ஆறடி நான்கு அங்குலம். கார்னெலுக்காக அவர் காத்த ஆட்டங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, ஒன்று சமம். 1967இல் கார்னெல் தேசிய சாம்பியன். 1969 இறுதி ஆட்டத்தில் டென்வரிடம் 4–3 என்று தோற்றார்கள். அதோடு டிரைடன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். (பிறகு மொன்றியால் அணியில் ஆடிப் பெரும்புகழ் பெற்று, கனடாவில் மத்திய அமைச்சராகவும் இருந்தார்.)

அப்படிப்பட்டவர் போன பிறகு வரும் பருவத்தில் என்ன எதிர்பார்க்க முடியும்? டிரைடன் நின்ற இடத்தில் பிரையன் கிராப்பர் என்ற மாணவர் வந்து நின்றார். உயரத்தில் குறைந்தவர். அந்த 1969–70 பருவத்தில் நெட் ஹார்க்னெஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் கார்னெல் 29 ஆட்டங்கள் ஆடியது. 29லும் வெற்றி. தோல்வி இல்லை, சமம்கூட இல்லை. லேக் பிளாசிட் என்ற ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கிளார்க்சனை 6–4 என்று வென்றார்கள். கடைசிப் பகுதியில் டான் லொட்போவா என்ற பின்காப்பு வீரர் மட்டும் மூன்று கோல் போட்டார். தேசிய சாம்பியனான அணிகளில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், சமமும் செய்யாமல் வந்த அணி அது ஒன்றுதான். டிரைடன் இருந்தபோது நடக்காதது டிரைடன் இல்லாதபோது நடந்தது.

இரண்டாவது கதையும் அதே லேக் பிளாசிட்டில்தான் முடிகிறது. 1980 குளிர்கால ஒலிம்பிக்ஸ். அமெரிக்க அணியின் 20 பேரில் 13 பேர் மினசோட்டா, பாஸ்டன் என்ற இரண்டே பல்கலைக்கழகங்களில் ஆடிய பையன்கள். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். 1960 ஒலிம்பிக்ஸ் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர் அவர். அந்த அணி தங்கம் வாங்கியதை வெளியே இருந்து பார்த்தவர்.

1979 செப்டம்பரில் இந்தப் பையன்கள் நார்வேயோடு 3–3 என்று சமம் செய்தார்கள். நார்வே அப்போது பெரிய அணியே இல்லை. ஆட்டம் முடிந்தும் புரூக்ஸ் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பனியில் முன்னும் பின்னுமாக ஓடவிட்டார். அரங்கத்து விளக்குகளை அணைத்த பிறகும் இருட்டில் ஓடினார்கள். ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 9ஆம் தேதி, நியூயார்க்கில் சோவியத் அணியுடன் ஆடி 10–3 என்று படுதோல்வி. சோவியத் அணி அதற்கு முன் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய அணி. அன்று தீர்ப்பு எழுதச் சொல்லியிருந்தால் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பார்கள். பிப்ரவரி 22ஆம் தேதி அதே சோவியத் அணியை அதே பையன்கள் 4–3 என்று வென்றார்கள். இரண்டு நாள் கழித்து ஃபின்லாந்தை 4–2 என்று வென்று தங்கமும் வாங்கினார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் முதியவரிடம், "அப்படியானால் தொடக்கத்து ஆட்டங்களுக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அங்கேதான் விஷயம் இருக்கிறது என்றார்.

கல்லூரி ஹாக்கிப் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. 2003 முதல் தேசியப் போட்டிக்கு 16 அணிகள். வட்டாரப் போட்டிகளில் வென்றவர்கள் நேரே வந்துவிடுவார்கள். மீதி இடங்களுக்குப் பருவம் முழுக்க ஆடிய ஆட்டங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் அக்டோபரில் விட்ட ஆட்டமும் பிப்ரவரியில் விட்ட ஆட்டமும் ஒரே எடை. அதனால் ரசிகர்களின் கவலை வெறும் புலம்பல் இல்லை. கார்னெல், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மற்ற கல்லூரிகளைவிட இரண்டு மூன்று வாரம் தாமதமாகத்தான் பருவத்தைத் தொடங்குவார்கள். எதிரணி ஏற்கெனவே சில ஆட்டங்கள் ஆடிப் பழகியிருக்கும், இவர்கள் அப்போதுதான் கால் வைப்பார்கள். போதாததற்கு ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு மாணவர்கள் போய்விடுவார்கள். பள்ளிப் பருவம் தாண்டி வந்த புதுப் பையன்கள் அவர்கள் இடத்தில் நிற்பார்கள். தடுமாறாமல் என்ன செய்வார்கள்?

இதற்கு 2013ஆம் ஆண்டு யேல் அணியைச் சொன்னார். அந்தப் பருவத்தில் குவினிபியாக் என்ற பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்திடம் யேல் மூன்று முறை தோற்றது. 16 அணிகளின் வரிசையில் 15ஆவது இடம் பிடித்து, கதவு சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்தது. பிறகு மினசோட்டா, வடக்கு டகோட்டா, மாசசூசெட்ஸ் லோவெல் என்று பெரிய அணிகளை வரிசையாக வென்றது. ஏப்ரல் 13ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் இறுதி ஆட்டம். எதிரில் நின்றது அதே குவினிபியாக். யேல் 4–0 என்று வென்றது. 1896இல் முதல் ஆட்டம் ஆடிய கல்லூரி, தன் முதல் தேசியப் பட்டத்தை 117 வருஷம் கழித்து வாங்கியது.

"தோல்வியைக் கணக்கில் எழுத வேண்டியதுதான். ஆனால் கணக்கு எழுதுகிறவன் தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடக் கூடாது" என்றார் முதியவர். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. குளிர்தான் காரணம் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். காரணம் அது இல்லை.

நான் அரசு வேலையில் சேர்ந்தபோது என் நிலைமை என்ன என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். நோட்டிங் எழுதச் சொன்னால் மனசுக்குள் பிரெஞ்சில் எழுதி, பிறகு ஆங்கிலமாக மாற்றுவேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் தலைமை எழுத்தர் மட்டும் சிரிக்காமல் ஒரு வருஷம் முழுக்க பென்சிலால் திருத்திக் கொடுத்தார். "போகப் போக வரும்" என்பார். வந்தது.

பதினைந்து வருஷம் கழித்து, நான் சீனியராக இருந்தபோது, எங்கள் பிரிவுக்கு ஓர் இளைஞர் வந்தார். கூச்ச சுபாவம், கை மெதுவு. முதல் இரண்டு மாதத்தில் இரண்டு ஃபைலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினார். மூன்றாவது மாதம் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "புதுப் பையன் எப்படி?" என்று கேட்டார். அவருக்கு நேரமில்லை, நான் சொல்வதைத்தான் எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். "தேறமாட்டான் சார்" என்றேன். இரண்டே வார்த்தை. அது சி.ஆரில் ஏறியது. அவருடைய புரொபேஷனை ஒரு வருஷம் நீட்டினார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் சீனியாரிட்டியில் அவரைத் தாண்டிப் போனார்கள். பதவி உயர்வு வந்த ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வருஷம் அவர் முன்னால் வந்து நின்றது.

எனக்குப் பென்சிலால் திருத்திக் கொடுத்தவரை நான் அன்று நினைக்கவில்லை.

அந்த இளைஞர் பிறகு விதிகளை விரல் நுனியில் வைத்திருக்கும் ஆளாக ஆனார். நான் ஓய்வு பெற்றபோது என் பென்ஷன் பேப்பர்களைத் தயார் செய்தவரும் அவர்தான். ஒரு ஆட்சேபணை வரவில்லை. ஓய்வு பெற்ற அன்றே ஆணை என் கைக்கு வந்தது. "உங்களுக்குச் செய்யாமல் யாருக்கு அண்ணே செய்யப் போறேன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் கார்னெல் கிறிஸ்துமஸுக்குப் பிறகு எப்படி ஆடியது என்று சிலர் கேட்பீர்கள். அது முடிவதற்குள் எங்கள் விசா முடிந்துவிட்டது. முதியவர் வழியனுப்ப வந்து, நடுங்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பொறுமை என்றுதான் சொன்னார். பேத்திக்கும் போனில் அதையே சொல்லி வைத்தேன். "நீ கத்து, பேப்பரை விரி, ஆனால் அந்த கோலிப் பையனைத் தேறமாட்டான் என்று மட்டும் சொல்லாதே."

நான் சொன்ன அந்த நண்பர் இந்த வலைப்பூவைத் தவறாமல் படிப்பவர். பெயர் போடவில்லை. படித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். தம்பி, அந்த வரியைச் சொன்னவன் நான்தான். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா? வருகிறேன்.