நடுநாட்டுச் சாவகர் ஒழுக்கம்: நோன்பும் இல்லறமும் உடலோம்பலும்

சமண சமயம் துறவையே பெரிதெனக் கொண்டது, இல்வாழ்க்கையை இழித்தது, உடலை வருத்துதலையே அறமெனக் கருதியது என்னும் கருத்து தமிழிலக்கிய வரலாறு எழுதினார் பலரிடம் காணப்படுகின்றது. இக்கருத்து முழுதும் உண்மையாயின் ஒரு வினா எழும். துறவியர் பள்ளிகள் பல அழிந்த பின்னரும், அரசர் ஆதரவு நீங்கிய பின்னரும், திண்டிவனத்தையும் செஞ்சியையும் சூழ்ந்த சிற்றூர்களில் இச்சமயம் இன்றளவும் நிலைபெற்றிருப்பது எவ்வாறு? மனைவி, மக்கள், உழவு, நோய், மூப்பு ஆகிய அனைத்தோடும் வாழ்ந்த குடும்பங்களே அதனைக் காத்துவந்தன. எனவே அக்குடும்பங்கள் சமய நோன்பையும் இல்லறக் கடமையையும் உடல்நலனையும் எவ்வாறு இணக்கின என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் எதிர்த்தரப்பின் வழக்கைக் கேட்டல் முறையாகும். அவ்வழக்கும் இந்நடுநாட்டிலேயே தோன்றியது. திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் சமணம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுரத்துப் பள்ளியில் தலைமையுற்று வாழ்ந்தார். அவரைச் சூலைநோய் பற்றியது. பள்ளியிலிருந்தோர் செய்தன பயன்படவில்லை. திருவதிகையில் வாழ்ந்த தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பிவந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, இறைவனைப் பாடி நோய் நீங்கப்பெற்றார் என்பது 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்துரைக்கும் வரலாறு. 7ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சியாகச் சொல்லப்படும் இதனுள் மூன்று கூறுகள் பின்னியுள்ளன: சமயம், உடன்பிறப்பு, உடல்நோய். மடத்தில் ஆறாத நோய் உறவின் அரவணைப்பில் ஆறியது என்பதே இதன் உட்கிடை. சமணத்தில் குடும்பத்திற்கும் உடலுக்கும் இடமில்லை என்ற குற்றச்சாட்டை இதனினும் வலிவாகக் கூறுதல் அரிது.

இனிச் சமணர் தரப்புச் சான்றுகளை நோக்குவோம். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில், ஒரு பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களும் வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளிற் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடத்தைக் குறிக்கின்றது. எழுத்தமைதி கொண்டு இதனை ஏறத்தாழக் கி.பி. 6ஆம் நூற்றாண்டினதென்பர். தமிழ் எழுத்து வரலாற்றில் 'ஐ' என்னும் உயிரெழுத்தின் பழைய வடிவத்தைக் காட்டும் சான்றாகவும் இது போற்றப்படுகின்றது. காலத்தாற் பிற்பட்ட மற்றொரு கல்வெட்டு, இளைய படாரர் என்பார் 30 நாள் நோன்பிருந்து முடிந்தமையைக் கூறுகின்றது. மேலோட்டமாகக் காண்பார்க்கு இக்கல்வெட்டுகள் முற்கூறிய குற்றச்சாட்டை உறுதிசெய்வனவாகத் தோன்றும்.

ஆனால் இந்நோன்பின் விதிகளை நோக்கின் நிலைமை வேறாகின்றது. சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகம் சாவகர் ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் பழைய நூல்களுள் ஒன்று. அதன் பொருளைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. சல்லேகனை என்னும் இறுதி நோன்பிற்குரிய காலங்களாக அந்நூல் நான்கினைக் கூறும்: தவிர்க்கவொண்ணா இடையூறு, கொடும்பஞ்சம், தளர்மூப்பு, தீராநோய். தீர்க்கத்தக்க நோயும் வாழத்தக்க உடலும் உடையார்க்கு இந்நோன்பு உரியதன்று என்பது இதனாற் பெறப்படும். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இராசத்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையோடு ஒப்பவைத்துத் தீர்ப்பளித்ததும், அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும், இவ்விதிகளின் பொருள் இன்றும் வாதத்திற்குரியதாயிருத்தலைக் காட்டும்.

சமந்தபத்திரரைப் பற்றி வழங்கும் மரபுக்கதையும் ஈண்டுக் கருதத்தக்கது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியை விளைக்கும் பஸ்மகம் என்னும் நோய் அவரைப் பற்றியதாம். துறவியர் உணவு விதியைக் காத்துக்கொண்டு அந்நோயோடு வாழ்தல் இயலாமையின், உண்ணாநோன்பால் உயிர்விட அவர் ஆசிரியரிடம் ஒப்புதல் வேண்டினார். ஆசிரியர் இசையவில்லை. துறவுக்கோலத்தை நீக்கி, வேண்டுமளவு உண்டு நோய் தீர்த்து, மீண்டும் துறவு பூணுமாறு பணித்தார். கதையின் வரலாற்று மெய்ம்மை எவ்வாறாயினும், அதனைப் போற்றிய சமயம் உடலை அறத்தின் பகையென எண்ணவில்லை. அறஞ்செய்தற்குரிய கருவியென எண்ணிற்று என்பது தெளிவு. தருமசேனர் வரலாற்றோடு இதனை வைத்து நோக்குக. ஒன்றில் நோயாளி சமயத்தை நீங்கி நலம்பெறுகின்றார். மற்றொன்றில் சமயமே நோயாளிக்காகத் தன் விதியைத் தளர்த்துகின்றது.

துறவியர்க்கே இவ்வளவு நெகிழ்ச்சி உண்டெனின் இல்லறத்தார்க்கு எவ்வளவு இருந்திருக்கும்? சாவகர் நெறியின் உயிர்நிலை 'அளவு' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமவடக்கம், பொருள்வரைதல் என்னும் ஐந்தும் துறவியர்க்கு முழுநோன்பு. இல்லறத்தார்க்கு அணுவிரதம், அஃதாவது சிறுநோன்பு. துறவி எவ்வுயிர்க்கும் எவ்வாற்றானும் ஊறு செய்தலாகாது. இல்லறத்தான் இயங்குயிர்களைக் கருதிக் கொல்லுதலை ஒழித்தல் வேண்டும். அதுவே அவனுக்கு வகுத்த கொல்லாமை. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவராய் வாழ்ந்தமைக்கு இவ்வேறுபாடே இடந்தந்தது எனலாம். ஏர் பிடிப்பவன் மண்ணிலுள்ள புழுவிற்கு ஊறு செய்யாதிருத்தல் இயலாது. ஆயினும் அவன் ஊறு செய்ய எண்ணி உழுவதில்லை. பொருள்வரைதலும் அத்தகையதே. பொருளை முற்றத் துறவாது, இவ்வளவே எனக்குப் போதும் என எல்லையிட்டு வாழ்தல் அதன் இலக்கணம்.

சாவகர் அடையாளம் கோயிலினும் அடுக்களையிலேயே மிகுதியாக விளங்கிற்று. கதிரவன் மறையுமுன் உண்டல், நீரை வடித்துப் பயன்கொள்ளல், ஊனும் கள்ளும் தேனும் விலக்கல், எட்டாம் பிறையிலும் பதினான்காம் பிறையிலும் நோன்பிருத்தல் ஆகியன அவர்தம் ஒழுக்கங்கள். இவற்றின் பழமைக்குச் சிலப்பதிகாரமே சான்று. கொலைக்களக் காதையில், கோவலன் சாவக நோன்பியாதலின் அவனுக்குப் பகற்பொழுதிற் சமைத்தற்கு வேண்டும் கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்குமாறு மாதரி கூறுகின்றாள். ஆய்ச்சியர் குடியினளாகிய அவளும் சாவகர் உணவு வழக்கத்தை அறிந்திருந்தாள் என்பது, அவ்வழக்கம் ஊரறிந்த ஒன்றாயிருந்தமையை உணர்த்தும்.

இவ்வொழுக்கங்களை உடல்நலம் கருதி வகுத்தவை எனக் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. சிற்றுயிர்க்கு இரங்குதலே இவற்றின் நோக்கம். நலம் விளைந்திருப்பின் அது வழிவந்த பயனேயாம். உடலோம்பலைச் சமணம் நேராகப் பேசியது பிறிதோரிடத்தில். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கு கொடைகள் சாவகர்க்குரிய கடமைகளாக வகுக்கப்பட்டன. பிறர் நோய் தீர்த்தல் இதனாற் சமயக் கடனாயிற்று. சமணராகிய காரியாசான் தம் நீதிநூற்கு ஐந்து வேர்களாலாகிய மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலம் எனப் பெயரிட்டமையும், கணிமேதாவியார் ஆறு பொருள் சேர்ந்த மருந்தின் பெயரால் ஏலாதி எனப் பெயரிட்டமையும் இம்மனப்பாங்கோடு இயைவன. திரிகடுகம் இயற்றிய நல்லாதனார் திருமாலை வாழ்த்தியவராதலின், மருந்துப் பெயரிடுதல் சமணர்க்கே உரிய வழக்கன்று என்பதனையும் உடன்கூறல் வேண்டும்.

இனி, இவ்வில்லற நெறி பெருஞ்சோதனைக்கு உட்பட்ட காலத்தை நோக்குவோம். 1906ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரநூலில் டபிள்யூ. பிரான்சிஸ் ஒரு மரபுச் செய்தியைத் தருகின்றார். 1478ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பான் சமணரிடம் பெண் கேட்டான். அவர்கள் இசைந்ததுபோற் காட்டினர். மணநாளில் அவன் வந்தபோது வீடு வெறுமையாயிருந்தது; திண்ணைத் தூணில் ஒரு பெண்நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. சினங்கொண்ட அவன் சமணரைத் தலைகொய்ய ஆணையிட்டான். சிலர் மாண்டனர், சிலர் ஓடினர், சிலர் பூணூலைக் களைந்து நீறு பூசிச் சைவராயினர், சிலர் மறைவில் தம் ஒழுக்கத்தைப் பேணினர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒரு கிணற்றடியிற் சமயக்கடன் ஆற்றிய வீரசேனர் என்பார் காவலரிடம் அகப்பட்டார். அன்று மகப்பேற்று மகிழ்ச்சியிலிருந்த அரசன் அவரை விடுவித்தான். அவர் சிரவணபெளகுளம் சென்று துறவு பூண்டு நூல்கள் பயின்றார். தாயனூர்க் காங்கேய உடையார் என்னும் இல்லறத்தார் உடையார்பாளையத் தலைவனிடம் அடைக்கலம் புகுந்து நிலம் பெற்றார். பின்னர்ச் சிரவணபெளகுளம் சென்று வீரசேனரை அழைத்துவந்து, செஞ்சி நாடெங்கும் அவரோடு சுற்றி, நீறு பூசியோரை மீண்டும் பழைய சமயத்திற் சேர்த்தார். திரும்பாதோர் மரபினர்க்கு நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் நின்றது.

இஃது ஆட்சி ஆவணமன்று. ஆண்டும் நிகழ்ச்சியும் மரபு தருவனவே. எனினும் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எதனை நினைவிற் கொண்டுள்ளது என்பதற்கு இது முதன்மைச் சான்று. இதனுள் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, மறைவிற் பேணப்பட்ட ஒழுக்கம் எங்கே பேணப்பட்டிருக்கும்? நூலும் நீறும் புறத்தே தோன்றும் குறிகள், அவற்றை மாற்றலாம். பகலுண்டலும் நீர்வடித்தலும் வீட்டினுள் நிகழ்வன. அவற்றை ஒற்றர் காண்டல் அரிது. மனையகமே பள்ளியாயிற்று என ஊகித்தல் தவறாகாது. இரண்டாவது, மீட்சிக்குத் துறவி ஒருவரும் இல்லறத்தார் ஒருவரும் வேண்டியிருந்தனர். நூலறிவு வீரசேனருடையது, நிலமும் உறவும் துணிவும் உடையாருடையன. மூன்றாவது, காங்கேய உடையார் மரபினர்க்கு விழாக்களில் முதல் தாம்பூலம் அளிக்கப்பெற்றதையும், சித்தாமூர் மடத்தலைவரைத் தெரிவுசெய்வதில் அவர்க்குச் சிறப்புரிமை இருந்ததையும் அந்நூல் குறிக்கின்றது. துறவியைத் தெரிந்தெடுப்பதில் இல்லறத்தான் சொல்லுக்கு மதிப்பளித்த சமயத்தை இல்லறத்தை இகழ்ந்த சமயம் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

அச்சித்தாமூரே இன்று மேல்சித்தாமூர் எனப்படுகின்றது. திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வூரின் மலைநாதர் கோயிற் பாறைச் சிற்பங்கள் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டின. இங்குள்ள சினகாஞ்சி மடத்தின் தலைவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டம் தாங்குவர். 1993இல் தென்னார்க்காட்டினின்று பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், பெருமண்டூர், விழுக்கம் முதலிய ஊர்களின் நயினார் குடும்பங்களுக்கு இம்மடமே நடுவிடம்.

எனினும் இச்சமநிலையைக் குறையற்றதெனப் புகழ்தல் ஆராய்ச்சியாகாது. அரசனுக்குப் பெண் மறுத்தமைக்குக் குலப்பெருமிதமும் காரணமென அம்மரபே கூறுகின்றது. மறுக்கப்பட்ட அப்பெண்ணின் பெயரோ விருப்பமோ அதனுள் இல்லை. பொழுதறிந்து சமைத்தும் நீர் வடித்தும் நோன்புநாள் எண்ணியும் நெறியை நாடோறும் நடத்திய மகளிர் ஒருவரையேனும் அது பெயர் சுட்டவில்லை. வீரசேனரும் உடையாரும் நினைக்கப்படுகின்றனர். மறைவுக்காலத்தில் அடுக்களையைக் காத்தவர் மறக்கப்பட்டனர். சைவ மரபு திலகவதியாரின் பெயரைப் போற்றி வைத்தமையோடு ஒப்பிடின் இக்குறை புலனாகும்.

இதுகாறும் கூறியவற்றால், நடுநாட்டுச் சமணம் இல்லறத்தையும் உடலையும் பகைத்து வாழ்ந்ததன்று என்பதும், முழுநோன்பு, சிறுநோன்பு என வேறுபடுத்தி இருதிறத்தார்க்கும் அவரவர் அளவை வகுத்தமையாலேயே நெருக்கடியில் அழியாது நின்றதென்பதும் பெறப்பட்டன. திருநாதர்குன்றின் பாறை துறவின் எல்லையைக் காட்டுகின்றது. வேலூர்க் கிணற்றடி இல்லறத்தின் உறுதியைக் காட்டுகின்றது. கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்த ஆராய்ச்சி, இனி அவ்வூர்களின் மூதாட்டியரிடம் வழங்கும் நோன்புக் கதைகளையும் உணவு வழக்கங்களையும் தொகுத்தல் வேண்டும். கல்லில் எழுதப்படாத பாதி வரலாறு அவர்களிடமே உள்ளது.