விழிஞ்ஞம் கரையிலிருந்து ஒரு மட்டையாளர்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, ஆய் மன்னர்களின் பழைய துறைமுகமான விழிஞ்ஞத்தை அடுத்த கடலோரக் கிராமம் புல்லுவிளை. இந்தக் கரையின் ஊர் விளையாட்டு கால்பந்து. பூவாறைத் தாண்டித் தமிழக எல்லையில் இருக்கும் பொழியூர், சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களைத் தந்தே பெயர் பெற்ற ஊர். 1994 நவம்பர் 11 அன்று புல்லுவிளையில் பிறந்த சஞ்சு சாம்சனின் வீடும் கால்பந்து வீடுதான். தந்தை சாம்சன் விஸ்வநாத் டெல்லி காவல்துறையில் வேலை பார்த்தவர். டெல்லி அணிக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர். இப்படிப்பட்ட கரையிலிருந்து, பார்ப்பதற்கென்றே ஆட்களை மைதானத்துக்கு வரவழைக்கும் ஒரு மட்டையாளர் எழுந்தது கேரளக் கிரிக்கெட் வரலாற்றின் பெரிய திருப்பம்.

கேரளத்தில் கிரிக்கெட் வேர்பிடித்தது வடக்கே தலச்சேரியில். தெற்கில் அதற்கு அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தவர் கோதவர்ம ராஜா. விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளத்தைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க முன்னின்றவரும் அவரே. 1951-52இல் திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக் கோப்பையில் நுழைந்தது. மாநிலம் பிறந்தபின், 1957-58 முதல் அது கேரள அணியானது. தோல்விகளே மிகுந்த அந்த ஆரம்ப ஆண்டுகளில் பாலன் பண்டிட் 1959-60இல் பாலக்காட்டில் ஆந்திராவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 262 ஓட்டங்கள் குவித்தார். ஸ்ரீகுமார் நாயர் 2007இல், அதே பாலக்காட்டில், ஆட்டமிழக்காமல் 306 எடுக்கும்வரை அந்த எண்ணிக்கையைக் கேரளத்தில் யாரும் தாண்டவில்லை.

தலைநகர் திருவனந்தபுரத்தின் ரசிகர்களுக்குப் பெரிய மட்டையாளர்களை நேரில் காணும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. பல்கலைக்கழக மைதானத்தில் 1984 அக்டோபர் 1 அன்று நடந்த இந்தியா-ஆஸ்திரேலியா ஆட்டத்தை மழை குலைத்துவிட்டது. 1988 ஜனவரி 25 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த ஆட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. சென்னையின் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் அன்று 101 ஓட்டங்கள் எடுத்தார். வேகப்பந்தை முதல் ஓவரிலேயே தூக்கி அடிக்கத் துணிந்த தொடக்க ஆட்டக்காரர்கள் அக்காலத்தில் மிகச் சிலர். அவர் அதைப் பழக்கமாகவே வைத்திருந்தார். ஆனாலும் வென்றது மேற்கிந்தியத் தீவுகள் அணி. ஃபில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 எடுக்க, ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. அதன்பின் 2017 நவம்பர்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அந்த நகரில் சர்வதேச ஆட்டமே நடக்கவில்லை. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் மட்டுமே சிறந்த மட்டையாட்டத்தைப் பார்த்து வளர்ந்தார்கள்.

சாம்சன் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். டெல்லியில் தொடங்கிய பயிற்சி, குடும்பம் கேரளம் திரும்பியபின் திருவனந்தபுரத்தில், பிஜு ஜார்ஜ் என்ற பயிற்சியாளரிடம் தொடர்ந்தது. 2011 நவம்பரில் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானார். 2013இல் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்காக ஆடி, அந்த ஐபிஎல் பருவத்தின் சிறந்த இளம் வீரருக்கான விருதைப் பெற்றார். 2019 அக்டோபரில் விஜய் ஹசாரே கோப்பையில் கோவாவுக்கு எதிராக 129 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 212 அடித்தார்.

அவர் ஆட்டத்தின் அழகு அசைவின்மையில் இருக்கிறது. பந்துவீச்சாளர் ஓடி வரும்போது தலை ஆடாது. கால்கள் அங்குமிங்கும் அலையாது. மட்டை உயரத்திலிருந்து நேராக இறங்கும். முழு வலுவையும் போட்டு வீசியது போலவே தெரியாது. ஆனால் பந்து எல்லைக்கோட்டுக்கு வெகு அப்பால் போய் விழும். நேராகப் பந்துவீச்சாளரின் தலைக்கு மேலும், பின்காலில் நின்றபடி கவர் திசைக்கு மேலும் அவர் அடிக்கும் சிக்ஸர்களே பார்ப்பவர் மனத்தில் நிற்பவை. 2024 அக்டோபர் 12 அன்று ஹைதராபாத்தில் வங்கதேசத்தின் ரிஷாத் ஹொசைன் வீசிய ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர்கள் அடித்து, 47 பந்துகளில் 111 எடுத்தார். அடுத்த டி20 ஆட்டத்தில், டர்பனில், 50 பந்துகளில் 107. சர்வதேச டி20இல் அடுத்தடுத்த இரு ஆட்டங்களில் சதமடித்த முதல் இந்தியர் அவர். அதன்பின் இரண்டு ஆட்டங்களில் பூஜ்யம். மறுபடி ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. இந்த ஏற்ற இறக்கம் அவருடைய வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. தேர்வாளர்கள் அவரை எடுப்பதும் விடுவதுமாக இருந்ததற்கும் அதில் பங்குண்டு.

சொந்த ஊர் இந்த விடுபடலை நேரிலேயே அனுபவித்தது. 2019 டிசம்பர் 8 அன்று நகரின் வடக்கே காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளைச் சந்தித்தபோது, அணிக்குழுவில் இருந்த சாம்சன் ஆடும் பதினொருவரில் இல்லை. ஆட்டம் முழுவதும் கூட்டம் அவர் பெயரையே கூவியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு வென்று தந்தவர் லெண்டல் சிம்மன்ஸ், ஆட்டமிழக்காமல் 67. 1988இல் இதே நகரில் சதமடித்த ஃபில் சிம்மன்ஸின் உறவில் மகன் முறை. அன்று அந்த அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்ததும் அதே ஃபில்தான். 2023 ஜனவரி 15 அன்று விராட் கோலி இங்கே 110 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 166 எடுத்தார். இலங்கை 317 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது.

உள்ளூர்க்காரரின் முறை 2025 ஆகஸ்டில் வந்தது. கேரளக் கிரிக்கெட் லீக்கில், அண்ணன் சாலி சாம்சன் தலைமையேற்ற கொச்சி புளூ டைகர்ஸ் அணிக்காக, அதே காரியவட்டத்தில் சஞ்சு 51 பந்துகளில் 121 அடித்தார். 237 என்ற இலக்கைக் கொச்சி கடைசிப் பந்தில் எட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் ராஜஸ்தானிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு மாறினார். மாற்றாக ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள்.