கொல்கத்தா டிராம்

மேற்கு வங்கத் தலைநகர் கொல்கத்தாவின் தெருக்களில் தண்டவாளத்தின் மேல் ஓடும் மின்சார வண்டிப் போக்குவரத்து. 1873இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கிய இது, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. கான்பூரில் 1933இலும் சென்னையில் 1953இலும் டில்லியில் 1963இலும் பம்பாயில் 1964இலும் டிராம் நின்றுவிட்டது. கொல்கத்தாவில் மட்டும், நாளுக்கு நாள் சுருங்கினாலும், இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஓடியது. இன்றும் ஓடும் ஹாங்காங் டிராமைவிட இதன் மின்சார வண்டி இரண்டு ஆண்டு மூத்தது. வயதாகிவிட்டதால் இது தளர்ந்தது என்பதே பொதுவான பேச்சு. இதன் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரியும்: தனக்கென்று இருந்த பாதையை இழந்த பிறகுதான் டிராம் தளர்ந்தது.

குதிரைக் காலம்

கிழக்கு வங்கத்திலிருந்து ரயிலில் வந்த சரக்கு சியால்டா நிலையத்தில் இறங்கும். அதை ஹூக்ளி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கும் படித்துறைகளுக்கும் கொண்டுபோக மாட்டு வண்டிகளை விட்டால் வழியில்லை. அதற்காகத்தான் முதல் தண்டவாளம் போடப்பட்டது. 1873 பிப்ரவரி 24இல் சியால்டாவிலிருந்து ஆர்மேனியன் படித்துறை வரை, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரத்துக்குக் குதிரை டிராம் ஓடியது. வருமானம் கட்டுப்படியாகாமல் அதே ஆண்டு நவம்பர் 20இல் நிறுத்தப்பட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து மறுபடி தொடங்கியபோது அடித்தளம் உறுதியாக இருந்தது. 1880ஆம் ஆண்டு கல்கத்தா டிராம்வே சட்டம் வந்தது. லண்டனில் பதிவு பெற்ற கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி உருவானது. சியால்டாவிலிருந்து பௌபஜார், டல்ஹௌசி சதுக்கம், ஸ்ட்ராண்டு சாலை வழியாக ஆர்மேனியன் படித்துறைக்கு மீட்டர் பாதை போடப்பட்டது. 1880 நவம்பர் 1இல் அதைத் திறந்து வைத்தவர் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கல்கத்தா வெயில் குதிரைகளைக் கொன்றது. 1882இல் நீராவி எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தார்கள்; அது குதிரைக்கு மாற்றாக நிலைக்கவில்லை. நூற்றாண்டு முடியும்போது கம்பெனியிடம் 166 வண்டிகளும் 1,000 குதிரைகளும் ஏழு நீராவி எஞ்சின்களும் 19 மைல் தண்டவாளமும் இருந்தன. ஆயிரம் குதிரைகளுக்குத் தீனி, தண்ணீர், லாயம், லாடம், வைத்தியம் என்று கணக்குப் போட்டால், டிராம் கம்பெனி பாதிக்குப் பாதி குதிரைப் பண்ணையாகவே இருந்திருக்கும்.

மின்சாரம்

மின்சார டிராமில் முந்திக்கொண்ட நகரம் சென்னை. 1895 மே 7இலேயே அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் 1900இல் வேலை ஆரம்பமானது. மீட்டர் பாதையைப் பெயர்த்துவிட்டு, நான்கு அடி எட்டரை அங்குல அகலத்தில் புதுத் தண்டவாளம் போட்டார்கள். 1902 மார்ச் 27இல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டது. ஜூன் 14இல் காளிகாட் பாதை திறந்தது. காளி கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரே ஆண்டில் வண்டி கிடைத்தது.

ஆற்றின் அக்கரையில் ஹௌராவில் 1905இல் தனியாக டிராம் வந்தது. இடையில் இருந்தது மிதவைப் பாலம். அதன் மேல் தண்டவாளம் போட முடியாது. அதனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் இரண்டு கரைகளிலும் டிராம் ஓடியும் ஒன்றையொன்று தொடவில்லை. 1943 பிப்ரவரியில் புதிய ஹௌரா பாலம் வந்த பிறகுதான் இரண்டும் இணைந்தன. அப்போது தண்டவாளத்தின் மொத்த நீளம் 67.59 கிலோமீட்டரை எட்டியது.

வண்டியின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகள் ஒன்றாகப் பிணைந்து ஓடும். முன்பெட்டி முதல் வகுப்பாக இருந்தது. அதில் மின்விசிறி இருந்தது. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. அதில் விசிறி இல்லை, கட்டணமும் குறைவாக இருந்தது. கூரைமேல் சாய்ந்து நிற்கும் நீளமான கம்பம், தலைக்கு மேலே ஓடும் ஒற்றைக் கம்பியைத் தொட்டு 550 வோல்ட் நேர்மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பும். கம்பி பிரியும் இடத்தில் கம்பம் சில நேரம் நழுவிவிடும். கண்டக்டர் இறங்கிவந்து, அதில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்திழுத்துக் கம்பியில் மறுபடி பொருத்துவார். நழுவும்போது தெறிக்கும் நீலப் பொறியை இரவில் தொலைவிலிருந்தே பார்க்கலாம். டிரைவர் ஒரு கையால் வேகக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே காலால் மணியை மிதிப்பார். தடம் பிரியும் முனைகளில் ஓர் ஆள் இரும்புக் கம்பியுடன் நின்று, வண்டி வரும் திசை பார்த்துத் தண்டவாள நாக்கைத் தள்ளிவிடுவார். வண்டிக்கு ஒரு பக்கம்தான் டிரைவர் இடம் உண்டு என்பதால், ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் அது வளைந்து சுற்றித் திரும்பியாக வேண்டும். இந்த வளைவுகளுக்குத் தேவைப்பட்ட நிலம் பின்னால் டிராமுக்கே வினையானது.

சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) படம், கம்பியில் உரசிக்கொண்டு போகும் டிராம் கம்பத்தைக் காட்டித்தான் தொடங்குகிறது. பெயர்கள் ஓடி முடியும்வரை திரையில் நகரமே தெரியாது. ஆனாலும் அது எந்த நகரம் என்று அன்றைக்குப் பார்த்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு பைசா

1953 இந்திய டிராம் வரலாற்றில் குறிக்க வேண்டிய ஆண்டு. அந்த ஏப்ரலில் சென்னை டிராம் நின்றது. கம்பெனி நொடித்துக் கதவைச் சாத்தியது. நகரம் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டது. மூன்று மாதத்துக்குள் கல்கத்தாவில் அதே டிராமுக்காக நகரமே தெருவுக்கு வந்தது.

அப்போதும் கம்பெனி ஆங்கிலேயரிடமே இருந்தது. மாநில அரசோடு 1951இல் செய்துகொண்ட ஒப்பந்தம் சட்டமாகியிருந்தது. அதன்படி 1972க்குப் பிறகு அரசு கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இந்த நிலையில் 1953 ஜூலை 1 முதல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. ரூபாய்க்கு அறுபத்துநான்கு பைசா என்றிருந்த காலம் அது. தொகை சிறியதுதான். ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பின்பெட்டிக்காரர்கள்: எழுத்தர்கள், ஆலைத் தொழிலாளர்கள், பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து நகரத்தின் ஓரங்களில் குடிசை போட்டவர்கள். நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் குடும்பத்துக்கு அந்தப் பைசா மாதக் கடைசியில் உறைக்கும். விடுதலைக்குப் பிறகும் லண்டன் கம்பெனிக்குக் காசு போகிறது என்ற கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்புக் குழு அமைத்தன. பயணிகள் பழைய கட்டணத்தையே நீட்டினார்கள். பிறகு டிராமைப் புறக்கணித்தார்கள், கடையடைப்பு நடந்தது, வண்டிகள் எரிந்தன. 144 தடை உத்தரவு போடப்பட்டது, ஜோதி பாசு உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள், போலீஸ் சுட்டது. ஜூலை 22இல் மைதானத்தில் கூட்டத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்க வந்த பத்திரிகையாளர்களையும் போலீஸ் அடித்தது. அதோடு, அதுவரை ஒதுங்கியிருந்த நடுத்தர வர்க்கமும் அரசுக்கு எதிராகத் திரும்பியது. மாத முடிவில் உயர்வு கைவிடப்பட்டது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் அரசுக்கு இது பெரிய சறுக்கல். வங்கத்து இடதுசாரி அரசியல் வலுப்பெற்ற கட்டங்களில் ஒன்று.

அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு டிராம் கட்டணத்தை உயர்த்துவது எந்த ஆட்சிக்கும் எளிதாக இருக்கவில்லை. ஏழைக்குக் கட்டுப்படியாகும் வண்டியாக அது நீடித்ததற்குக் காரணம் இதுதான். கட்டணத்தில் விழும் பள்ளத்தை அரசு நிரப்ப வேண்டியிருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. தண்டவாளமும் வண்டியும் தேய்ந்தது அந்த இடைவெளியில்தான்.

அடுத்த ஆண்டு, 1954 அக்டோபர் 14இல், கவிஞர் ஜீவனானந்த தாஸ் தேசப்பிரிய பூங்கா அருகே டிராமில் அடிபட்டு, 22ஆம் தேதி இறந்தார். வங்காளிகள் டிராமைப் பற்றிப் பேசினால் அந்தச் சாவு பேச்சில் வராமல் இருக்காது.

அரசின் கையில்

1967 ஜூலை 19இல் மாநில அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1976 நவம்பர் 8இல் கம்பெனி முழுவதும் அரசுடைமையானது. அதற்குள் ஹௌராப் பக்கத்துத் தடங்கள் எழுபதுகளின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டன. 1973இல் நிம்தலா தடமும் போனது. மெட்ரோ ரயிலுக்காகச் சாலைகளைத் தோண்டியபோது இன்னும் சில போயின.

இருந்தாலும் எண்பதுகள் நம்பிக்கையான காலம். பர்ன் ஸ்டாண்டர்டு, ஜெஸ்ஸாப் தொழிற்சாலைகளிலிருந்து புது வண்டிகள் வந்தன. நோனாபுக்கூர் பணிமனை பழைய வண்டிகளைப் பிரித்துக் கோத்து ஓடவைத்தது. 1985இல் மாணிக்தலாவிலிருந்து உல்டாடாங்கா வரையும், 1986 கடைசியில் பேஹாலாவிலிருந்து ஜோகா வரையும் புதுத் தண்டவாளம் போடப்பட்டது. உலகின் பல நகரங்கள் டிராமை எப்போதோ கைவிட்டிருந்த நேரத்தில் எடுத்த துணிவான முடிவு அது. ஜோகா தடம் கால் நூற்றாண்டுதான் நீடித்தது. மெட்ரோ மேம்பாலத்துக்காக 2011இல் அதுவும் எடுபட்டது.

1992இல் டிராம் கம்பெனியே பஸ் ஓட்டத் தொடங்கியது. 1993இல் ஹௌரா பாலத்தில் டிராம் நின்றது. கம்பெனியின் பணமும் கவனமும் மெல்ல மெல்லப் பஸ்ஸின் பக்கம் சாய்ந்தன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வேறு. அகலமான சாலைகளின் நடுவே டிராமுக்கென்று தனிப் பாதை இருந்தது. பல இடங்களில் புல் முளைத்த பாதை. அதில் வேறு வண்டி நுழையாது. நெரிசல் நேரத்திலும் டிராம் தடையில்லாமல் போகும். தொண்ணூறுகளிலிருந்து இந்தப் பாதைகளைக் காங்கிரீட் போட்டுச் சாலையோடு சமப்படுத்திக் காருக்கும் பஸ்ஸுக்கும் திறந்துவிட்டார்கள். டிராம் நெரிசலில் சிக்கியது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே நடுச்சாலையில் நிற்க வேண்டியதாயிற்று. முதியவர்களும் குழந்தையைக் கையில் பிடித்து வருபவர்களும் முதலில் விலகினார்கள். மழையில் தண்டவாளத்தில் டயர் வழுக்கி இருசக்கர வண்டிக்காரர்கள் விழுவதும் உண்மையான குறைதான். தனிப் பாதை இருந்தவரை அது பெரிதாக எழவில்லை. பிறகு, டிராம் மெதுவாகப் போகிறது, போக்குவரத்தை மறிக்கிறது என்ற குற்றச்சாட்டு டிராமின் மேலேயே விழுந்தது.

சுருக்கம்

2011இல் முப்பதுக்கும் மேல் இருந்த தடங்கள், பத்தே ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. மேம்பாலங்கள் டிராமின் எடையைத் தாங்குமா என்ற கேள்வி சிலவற்றை நிறுத்தியது. மெட்ரோ வேலை சிலவற்றை நிறுத்தியது. டிப்போ நிலங்களில் ஒரு பகுதி கட்டடங்களுக்குப் போனது. வண்டி திரும்பும் வளைவுகளும் அவற்றோடு போயின. 2020 மே மாதம் வீசிய அம்பான் புயல் எஸ்பிளனேடு–கிதிர்பூர் தடத்தின் கம்பிகளை அறுத்துப் போட்டது. முதல் மின்சார டிராம் ஓடிய அந்தத் தடம் அதன் பின் இயங்கவில்லை.

டிராமைக் காக்க எழுந்த குரல்கள் ஓயவில்லை. மெல்பர்ன் நகர டிராம் கண்டக்டர் ரோபர்ட்டோ டி’ஆண்ட்ரியா தொண்ணூறுகளில் கல்கத்தா டிராம் தொழிலாளரோடு கொண்ட நட்பிலிருந்து 1996இல் ‘டிராம்ஜாத்ரா’ விழா பிறந்தது. அலங்கரித்த வண்டிகளில் இரு நகரத்தாரும் சேர்ந்து பயணம் போவார்கள். 2023 பிப்ரவரியில் 150ஆம் ஆண்டு அப்படித்தான் கொண்டாடப்பட்டது. கல்கத்தா டிராம் பயனாளர் சங்கம் தகவல்களைத் திரட்டிப் பொதுவெளியில் வாதாடி வருகிறது.

2024 செப்டம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஸ்நேஹாசிஸ் சக்ரவர்த்தி, எஸ்பிளனேடு–மைதானம் இடையே பாரம்பரியச் சவாரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். நகரப் பரப்பில் சாலைக்கு இருப்பது ஆறு சதவீதம் அளவுதான் என்பது அரசின் வாதம். அதே கணக்கு டிராமுக்கும் சாதகமானது: சாலை குறைவான நகரத்தில், ஓரிருவரை ஏற்றிய கார்களைவிட நூற்றுக்கு மேற்பட்டவரைப் புகையில்லாமல் ஏற்றிப்போகும் வண்டிக்கே முதல் உரிமை இருக்க வேண்டும்.

இந்த அறிவிப்புக்கு முன்பே, டிராமைக் காக்கக் கோரும் வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் போயிருந்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற டி.எஸ். சிவஞானம். அவரது அமர்வு 2023இல் டிராமைப் புதுப்பிக்கும் வழிகளை ஆராயக் குழு அமைத்தது. 2025 ஜனவரியில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றி மூடக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த நேரத்தில் நகரில் மிஞ்சியிருந்த தடங்கள் இரண்டே: வடக்கே ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஒன்று, தெற்கே கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேடுக்கு இன்னொன்று.