கால் டாலர் காசில் ஒரு நாட்டியக்காரி



போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்த என் தங்கை மகன், பேரன் காசு சேர்க்கிறான் என்று சட்டைப்பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தான். அதில் 2023ஆம் வருடத்துக் கால் டாலர் ஒன்று. ஒரு பெண் நடனமாடும் உருவம், பக்கத்தில் மரியா டால்சீஃப் என்று பெயர். "யார் தாத்தா இது?" என்றான் பேரன். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியுமா? பாதியிலேயே ஓடிவிட்டான். மீதி உங்களுக்கு.

ஓக்லஹோமா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சிற்றூர். ஓசேஜ் பழங்குடி மக்களின் ஊர். அவர்கள் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தது. 1906இல் வந்த சட்டப்படி அந்த எண்ணெய் வருமானம் இனத்தார் அனைவருக்கும் பொது. மொத்தம் 2,229 பங்குகள். எண்ணெய் பொங்கியதும் அவர்கள் பெரும் பணக்காரர் ஆனார்கள். அந்தப் பங்குகளுக்காகவே 1920களில் வரிசையாகக் கொலைகளும் நடந்தன. ஸ்கார்செஸி எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கொலைகள் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அதே ஊரில், 1925 ஜனவரியில் பிறந்தவள்தான் மரியா. வீட்டில் பெட்டி மேரி என்று கூப்பிடுவார்கள். அப்பா ஓசேஜ் இனத்தவர். அம்மா ரூத் வெள்ளைக்காரப் பெண்மணி. ரூத்துக்குச் சிறுவயதில் மேடை ஆசை உண்டு. கற்றுக்கொள்ளத்தான் வீட்டில் பணம் இல்லை.

இப்போது பணம் இருக்கிறது, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். ஊரில் பாலே சொல்லித்தர ஆள் இல்லை. கோடை விடுமுறைக்குக் கொலராடோ போன இடத்தில், மூன்று வயதில், பெட்டிக்கு முதல் பாடம் கிடைத்தது. விடுமுறை முடிந்ததும் அதுவும் முடிந்தது. பிறகு துல்சா நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை மாணவிகளைத் தேடி ஃபேர்ஃபாக்ஸுக்கே வந்தார். தேடி வந்த சீதேவி என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்?

இங்கேதான் விஷயம். பாலேயில் 'பாயிண்ட்' என்று ஒன்று உண்டு. முனை கெட்டியான காலணியைப் போட்டுக்கொண்டு, உடம்பின் மொத்த பாரத்தையும் கால்விரல் நுனியில் நிறுத்துவது. குழந்தையின் கால் எலும்பு முற்றியிருக்காது. அதனால் நல்ல ஆசிரியர்கள் சில வருடம் அடிப்படைப் பயிற்சி கொடுத்துவிட்டு, பொதுவாகப் பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் அதைத் தொடங்குவார்கள். பெட்டியை ஐந்தாறு வயதிலேயே ஏற்றிவிட்டார்கள். கால் கெட்டுப்போகாமல் தப்பியதே அதிசயம் என்று பின்னாளில் மரியாவே எழுதியிருக்கிறார்.

அந்த ஆசிரியையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 1978இல் நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை. சரித்திரம் படித்த என்னை எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "சார், நீங்க சொல்லிக் குடுத்த பின்னக் கணக்க மறக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்றைக்குப் பந்தியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1933இல் ரூத் குடும்பத்தையே லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளப்பிக்கொண்டு போனார். போய் இறங்கியதும் ஒரு மருந்துக்கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊர் மருந்துக்கடையில் சிற்றுண்டியும் கிடைத்தது. இங்கே நல்ல நாட்டிய வாத்தியார் யார் என்று கடைக்காரப் பையனிடமே கேட்டார் ரூத். அவன் சொன்ன பெயர் எர்னஸ்ட் பெல்ச்சர். இங்கிலாந்திலிருந்து வந்து ஹாலிவுட்டில் பெயர் வாங்கியவர். எட்டு வயதுப் பெண் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். பன்னிரண்டு வயதில் நிஜின்ஸ்காவிடம் சேர்ந்தாள். ரஷ்யாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் நிஜின்ஸ்கியின் தங்கை அவர். ஒரு கடைப்பையன் வேறு பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். 1942இல் நியூயார்க், ஒரு ரஷ்யக் குழு. பெயரை ரஷ்யப் பாணியில் 'டால்சீவா' என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டி மேரியை மரியா ஆக்கச் சம்மதித்தார். குடும்பப் பெயரில் கை வைக்க விடவில்லை. 1949இல் பாலன்சைன் அமைத்த 'ஃபயர்பேர்ட்' அவரை உச்சியில் ஏற்றியது. தங்கை மார்ஜரி பாரிஸ் ஆபெராவில் முதன்மை நடனமணி ஆனார்.

இந்த இருவர் மட்டுமில்லை. அதே மாநிலத்தில் பிறந்தோ வளர்ந்தோ உலக மேடைக்குப் போன பழங்குடிப் பெண்கள் ஐவர். 'ஐந்து நிலவுகள்' என்பார்கள். ரோசெல்லா ஹைடவர் படித்தது கான்சஸ் சிட்டியில். இவான் ஷூட்டோ பதினான்கு வயதிலேயே வீட்டை விட்டுக் குழுவில் சேர்ந்தார். மாஸ்லின் லார்கினுக்கு மட்டும் அதிர்ஷ்டம், குரு வீட்டுக்குள்ளேயே இருந்தார். அம்மா ரஷ்ய நடனக்காரி. மற்ற பெண்களுக்கெல்லாம் குரு வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போகவேண்டும்.

காசில் பெரிதாக இருப்பது மரியாதான். ஆனால் எனக்குப் பெரியவர் லார்கின். உலகமெல்லாம் ஆடிவிட்டு, போலந்துக்காரரான கணவர் ரோமன் ஜசின்ஸ்கியுடன் துல்சாவுக்கே வந்து உட்கார்ந்தார். பள்ளி நடத்தினார்கள். 1956இல் தொடங்கிய குழு இன்றைக்கும் 'துல்சா பாலே' என்று நடக்கிறது. ஷூட்டோவும் கணவர் மிகேல் டெரெகோவும் 1960களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நடனத்துறையே உண்டாக்கினார்கள். ஒரு காலத்தில் ஃபேர்ஃபாக்ஸுக்கு அரைகுறைப் பாடத்தை அனுப்பிய அதே துல்சாவில், இப்போது ஒரு குழந்தை அடிப்படையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம். ஹைடவர் பள்ளி தொடங்கினார், ஆனால் பிரான்சில், கான் நகரத்தில். அதையும் குறை சொல்ல முடியாது.

துல்சாவில் ஐவருக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். 2022இல் மார்ஜரியின் சிலையை யாரோ அறுத்துத் திருடி, பழைய உலோகம் வாங்குபவர்களிடம் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். திருட்டு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

காசு இப்போது பேரனின் டப்பாவில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பேசிய அந்தப் பையன் இதைப் படித்தால் ஒரு செய்தி: தம்பி, உன் மகள் எட்டாவது வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சரித்திரத்துக்கு மட்டும் என்னிடம் அனுப்பு.