முத்துக்குளித்துறையில் புனித சவேரியார்: திருமுழுக்கிலிருந்து நம்பிக்கைக்கு

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535–1537 ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துச்சலாபம் தொடர்பான மோதலில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடியதே இதற்கு முதன்மைக் காரணம் என்பர். எனவே, அம்மக்களின் சமயப்பற்றே அரசியல் விளைவு என்னும் கருத்தும் நிலவுகிறது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் (1506–1552) பணி இக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

1542இல் கோவா வழியாக இக்கடற்கரையை அடைந்த சவேரியார், திருமுழுக்குப் பெற்றும் மறையறிவு பெறாத மக்களையே கண்டார். அவரோ தமிழ் அறியாதவர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் தம் பணிமுறையை அவர் விளக்குகிறார். இருமொழி அறிந்தோர் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனனம் செய்தார். கையில் மணியுடன் ஊரைச் சுற்றிச் சிறுவரைத் திரட்டினார். கற்ற சிறுவர் தம் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர்.

அதே ஆண்டு வடுகர் படையெடுப்பால் குமரிமுனைப் பகுதி மக்கள் துன்புற்றபோது, உணவுப்பொருள்களுடன் படகுகளில் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைத் தடுத்தது. உள்ளூர் வழிபாட்டின்மீது அவர் காட்டிய கடுமையும் அம்மடல்களில் பதிவாகியுள்ளது. அதனை மறைத்தல் ஆய்வாகாது.

அவருக்குப் பின் அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இத்தமிழ்வழி மறைக்கல்வியின் தொடர்ச்சியே. திருமுழுக்குப் பாதுகாப்பு கருதிப் பெறப்பட்டிருக்கலாம். ஆனால், தாய்மொழியில் ஓதப்பட்டு, துயரில் துணைநின்றோர்வழி உணரப்பட்ட பின்னரே அது நம்பிக்கையாக வேரூன்றியது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றார் என்பதே சவேரியார் வாழ்வு உணர்த்தும் பாடம்.