வாக்குரிமை இழந்த மலைநாடு

தேர்தல் நாளன்று நாம் வாக்குச் சாவடிக்குச் செல்கிறோம். பட்டியலில் நம் பெயரைக் காண்கிறோம். விரலில் மை இட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். தமிழகத்தை விட்டுப் பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இது வியப்பான செயலன்று. நம் தாய்மொழி யாதென்றோ, நம் பாட்டனார் எவ்வூரில் பிறந்தாரென்றோ அங்கு எவரும் வினவுவதில்லை. ஆயினும், நம்மைப் போலவே ஊரை விட்டுப் புறப்பட்ட தமிழருள் ஒரு சாராரிடம் அவ்வினா எழுப்பப்பட்டது. விடைக்குச் சான்று காட்ட இயலாமையால் அவர்கள் நாட்டுரிமையையும் வாக்குரிமையையும் ஒருங்கே இழந்தனர். இலங்கையின் மலைநாட்டில் தேயிலை வளர்த்த அம்மக்களின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வயப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளிலேயே மலைக்காடுகளை அழித்துக் காப்பி பயிரிடும் முயற்சி தொடங்கிற்று. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சை ஆகிய சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிய உழவர் கங்காணிகளின் பின் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே, வந்து போகும் கூலிகள் குடும்பத்தோடு தங்கும் குடிகளாயினர். லயங்களிலே பிறந்து, பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்து, அம்மண்ணிலேயே மடிந்த தலைமுறைகள் உருவாயின. இவ்வுண்மையை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், பின்னாளில் அவர்கள்மீது சாட்டப்பட்ட முதற் குற்றமே, 'இவர்கள் வந்து போகும் பறவைகள்' என்பதாகும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயது வந்த ஆண், பெண் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. ஆசியாவில் இது முன்னோடியான செயல். எனினும், தோட்டத் தமிழர்க்கு இவ்வுரிமை முழுமையாகக் கிட்டவில்லை. அவர்கள் வாக்காற்றல் பெற்றால் தம் பிரதிநிதித்துவம் குன்றும் எனக் கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். அதன் பயனாக, நிலையான குடியிருப்பை மெய்ப்பிக்கும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அந்நிலையிலும் மலையகம் விழித்தெழுந்தது. தஞ்சையிலிருந்து சென்ற இதழாளர் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கண்டார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களால் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1939இல் ஜவாஹர்லால் நேரு இலங்கை வந்ததையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளின் வெற்றிக்குத் துணை நின்றது. ஆளுங்கட்சியினர் இதனை மறக்கவில்லை.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை இலங்கையில் பிறந்தவராதல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவராதல் வேண்டும் என்பது அதன் கட்டளை. லயத்தில் பிறந்த ஏழையின் தந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949இல் வந்த மற்றொரு சட்டம், தடையற்ற வசிப்பை நிறுவினால் பதிவுக் குடியுரிமை தருவதாகக் கூறிற்று. ஏறத்தாழ 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1 லட்சத்து 35 ஆயிரம் பேரே. ஊரில் தாயைக் காணச் சென்று திரும்பியதும் வசிப்பைத் தடைப்படுத்தும் குறையாகக் கொள்ளப்படலாயிற்று. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமக்கள் அல்லாதாரை வாக்காளர் பட்டியலினின்று நீக்கியது. சட்டங்கள் மூன்று, விளைவு ஒன்று. இக்கேட்டினை எதிர்த்தும், அரசில் சேர்ந்த தமிழ்க் காங்கிரஸோடு மாறுபட்டும் சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து வந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

சிறுபான்மையினரைக் காக்க அரசியலமைப்பில் காப்பு எதுவும் இல்லையோ என வினவலாம். இருந்தது. ஓர் இனத்தாரை மட்டும் தாழ்த்தும் சட்டம் செல்லாது என 29ஆம் பிரிவு மொழிந்தது. அதனை நம்பிக் கோடகன் பிள்ளை என்னும் வாக்காளர் வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் சொல்லப்படவில்லை. தன் குடிமக்கள் யார் என வரையறுப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம் எனக் கருதி, 1953இல் அம்மன்றம் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. பெயர் சொல்லாமலே ஓர் இனத்தை விலக்கும் கலையை அன்று உலகம் கண்டது.

இதன் விளைவை 1952ஆம் ஆண்டிலேயே காணலாம். அவ்வாண்டு இந்தியாவில் முதற் பொதுத்தேர்தல் நிறைவுற்றது. பம்பாயிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி வாக்களித்தான். அதே ஆண்டு கொழும்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் முதலானோர் பட்டியலில் பெயர் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர், பயன் விளையவில்லை. தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஒருவரும் வெல்லவில்லை. தொகுதிகளைப் பிரிக்கையில் மட்டும் தோட்டத் தமிழரின் தலைகள் கணக்கில் கொள்ளப்பட்டன, வாக்களிக்கையில் கொள்ளப்படவில்லை. அவர்தம் எண்ணிக்கையால் கிடைத்த இடங்களைப் பிறர் நிரப்பினர். 1947இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டமான், 1960இல் நியமன உறுப்பினராகவே மன்றம் புக நேர்ந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பகிரப்பட்டோரின் இசைவை எவரும் கேட்கவில்லை. உடன்பிறந்தார் பிரிந்தனர், தலைமன்னாரில் கப்பலேறினோர் கண்ணீருடன் இராமேசுவரம் இறங்கினர். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூரிலும், கேரளத்துப் புனலூரிலும் அவர்தம் வழித்தோன்றல்களை இன்றும் காணலாம். அவர்கள் நம் அண்டை வீட்டார் எனினும் அவர்தம் கதையை நாம் கேட்டதுண்டா?

உரிமை மீண்ட விதமும் அறியத்தக்கது. குடியுரிமை பெற்றோர் தொகை மெல்லப் பெருகவே, 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் வென்றார். முப்பதாண்டு இருள் விலகிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. பட்டியலில் பெயர் ஏறியதும் அரசுகள் அவர்களை நாடி வந்தன. அமைச்சுப் பதவிகளும் வந்தன. எனினும், தோட்டப் பகுதிகளில் உள்ளூராட்சி மன்றங்கள் பணியாற்றத் தடையாயிருந்த சட்டவிதி திருந்தியது 2018இல்தான். வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் வேண்டும் குரல் இன்னும் ஓயவில்லை. ஒரு நாளில் பறித்ததை மீட்க அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

நாம் ஒரே நாட்டினுள் இடம்பெயர்ந்தோர். அவர்கள் கடல் கடந்தோர். இவ்வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆனால், உழைப்பை ஏற்கும் மண் உழைப்பவனின் குரலையும் ஏற்க வேண்டும் என்னும் அறம் இருவர்க்கும் பொதுவானது. வெறும் எழுத்தாய் நிற்கும் காப்புப் பிரிவு சிறுபான்மையினரைக் காவாது. பெரும்பான்மையினரின் நல்லெண்ணமும், சிறுபான்மையினரின் ஒற்றுமையும், பட்டியலில் நிற்கும் பெயருமே காக்கும். எனவே, நம் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்போம். நாம் வாழும் நகரில் நம்மினும் எளியோரை நோக்கி, 'நீ எவ்வூரான்?' என்னும் வினா எழும்போது, மலைநாட்டை நினைந்து அவர் பக்கம் நிற்போம்.