கணித மேதைக்குக் கைகொடுத்தோர்

சென்னையினின்று வடக்கே செல்லும் இருப்புப்பாதை சூலூர்ப்பேட்டையைக் கடந்து, நம் நாயுடுபேட்டைக்கு வந்து, கூடூர் வழியாக நெல்லூரை அடைகின்றது. நெல்லூர் செல்வார்க்கு நேரான இரயில் வழி நூறாண்டுகட்கு முன்னரும் இதுவே. 1910ஆம் ஆண்டு இறுதியில், நைந்துபோன நோட்டுப்புத்தகம் ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு, நெல்லூர் மாவட்டக் கலெக்டரைக் காணச் சென்றார் ஓர் இளைஞர். அவருக்கு அப்பொழுது வயது 22. வேலை இல்லை, பட்டம் இல்லை, இல்லத்தில் பொருளும் இல்லை. அவரே பின்னர் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுஜன் ஆவார்.

நம் ஊர் 2022ஆம் ஆண்டிலேதான் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆதலின் இராமானுஜனுக்கு முதன்முதல் திங்கள்தோறும் பொருளுதவி புரிந்த பெருமகனார், நம் ஊரையும் உள்ளடக்கிய மாவட்டத்தை ஆண்ட கலெக்டரே என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் பெருமை கொள்வதற்காக மட்டும் யாம் இதனை எழுதவில்லை. அறிவியல் ஆராய்ச்சிக்கு அளிக்கப்படும் உதவிச் சம்பளம் என்பது யாது, அஃது எவர்க்கு உரியது என்னும் வினாவுக்கு விடை இவ்வரலாற்றில் உள்ளது. அவ்விடை நம் சங்கத்திற்கும் வேண்டுவதாக உள்ளது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். மெட்ரிகுலேஷன் தேறியபின், 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் வெற்றி பெற்றாரல்லர். கணக்கில் ஈடிணையற்றவர் பிற பாடங்களில் தவறினார். தவறியவர்க்குக் கல்லூரியில் இடமில்லை. தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் குறித்து வந்தார்.

இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்த இராமசுவாமி ஐயர் அந்நோட்டுப்புத்தகத்தைக் கண்டார். அவர் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர். தம் அலுவலகத்தில் ஒரு சிற்றலுவல் கொடுத்து இவ்வறிவை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள நண்பர்கட்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பேராசிரியர் சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் இராமச்சந்திர ராவுக்குக் கடிதம் கொடுத்தார். இராமச்சந்திர ராவும் கணித ஆர்வலரே. அக்கழகத்தில் பொறுப்பு வகித்தவர்.

அவர் இராமானுஜன் எழுதியவற்றைப் பார்த்தார். முதலில் விளங்கவில்லை, பின்னர்ச் சிறிது சிறிதாக விளங்கிற்று. என்ன வேண்டும் என வினவியபொழுது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்குக் கவலையற்ற உணவு கிடைத்தாற் போதும் என்பதே விடை. நெல்லூரில் ஒரு வேலை கொடுத்து இருத்திக்கொள்வது கலெக்டருக்கு எளிது. ஆயின், இத்தகையவர் ஒரு சிற்றூரில் முடங்கிவிடலாகாது என்று எண்ணிச் சென்னைக்கே திருப்பியனுப்பி, திங்கள்தோறும் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார். அவ்வுதவியால் வாழ்ந்த 1911ஆம் ஆண்டில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இதுவே முதல் தொகை.

நெடுநாள் ஒருவருக்குச் சுமையாக இருத்தல் தகாது என்று இராமானுஜன் கருதினார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுக டிரஸ்டின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இஃது இரண்டாம் தொகை. இது கூலியேயன்றி உதவி அன்று எனலாம். ஆயினும் அவ்வலுவலகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இரயில் பாதை அமைப்பதில் தேர்ந்த பொறியாளர்; தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் பயின்றவர். தம் கீழ்ப் பணியாற்றும் எழுத்தர் ஒருவர் தம்மினும் மிக்கவர் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டனர். அலுவலகத்தில் நாளும் பேரேடு எழுதும் நம் போன்றோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். மேலதிகாரி அவ்வாறு ஒப்புக்கொள்ளுதல் அரிதினும் அரிது.

அவர்கள் ஊக்குவிக்க, இராமானுஜன் 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜிலுள்ள பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தம்மை ஓர் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். ஹார்டி அதன் அருமையை உணர்ந்து மறுமொழி எழுதினார். அவ்வமயம் சென்னைக்கு வந்த வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இராமானுஜனுக்கு ஆராய்ச்சி வசதி செய்து தருமாறு பல்கலைக்கழகத்திற்கு எழுதினார்.

ஈண்டு விதி குறுக்கிட்டது. ஆராய்ச்சி உதவிச் சம்பளம் எம். ஏ. பட்டம் பெற்றவர்க்கே உரியது, இராமானுஜனோ எஃப். ஏ. கூடத் தேறாதவர். விதியைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆயின், ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கமே என்று சட்டத்தின் முகவுரையிலேயே கூறப்பட்டிருத்தல் எடுத்துக்காட்டப்பட்டது. விதியினும் அது தோன்றிய நோக்கமே பெரிது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். 1913 மே முதல் திங்கள் 75 ரூபாய் ஈராண்டுகட்கு வழங்கப்பட்டது. துறைமுக டிரஸ்டும் விடுமுறை நல்கிற்று. இது மூன்றாம் தொகை. மூன்று திங்கட்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. இராமானுஜன் அவ்வாறே மூன்று அறிக்கைகள் அளித்தார். தேர்வில் தவறியவர் இந்நிபந்தனையில் தவறவில்லை என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்று அவர் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் ஆதரவும் கிடைத்தது. ஆண்டுக்கு 250 பவுன் உதவிச் சம்பளமும், கப்பற் செலவும், உடைச் செலவும் வழங்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. இது நான்காம் தொகை. டிரினிடி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் அளித்தது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார் இராமானுஜன்.

இருநாட்டு அறிஞர் கூடி உழைத்ததன் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். 4 என்னும் எண்ணை 4 எனவும், 3+1 எனவும், 2+2 எனவும், 2+1+1 எனவும், 1+1+1+1 எனவும் ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 100ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 19,05,69,292 வகை! எண் பெரிதாகுந்தோறும் இத்தொகை எவ்வாறு பெருகும் என்பதைக் கணிக்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து 1918இல் வெளியிட்டனர். ஒருவர்க்கு முடிவுகளைக் காணும் ஆற்றல். மற்றவர்க்கு அவற்றை ஐயத்திற்கிடமின்றி நிறுவும் பயிற்சி. இரண்டும் கூடியபின்னரே அச்சூத்திரம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இராமானுஜன் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

நோயுற்றிருந்த அவருக்கு 1919 முதல் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகட்கு வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அதற்கு அவர் சனவரி 11ஆம் நாள் எழுதிய மறுமொழி நெஞ்சை உருக்குவது. அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கும் தமக்கும் ஆகும் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் கல்விக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதினார். தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பன்னாட்டுப் பரிசு, வளரும் நாடுகளின் இளங்கணித அறிஞர்கட்கு 2005 முதல் வழங்கப்படலாயிற்று. கும்பகோணத்தில் வழங்கப்படும் சாஸ்திரா பரிசுக்கு 32 வயதே வரம்பாக வைக்கப்பட்டுள்ளது.

இனி நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். பிழைப்பை நாடி வந்து இவ்வூரில் தமிழ்க் குடும்பங்களாக வாழும் நாம், நம் மக்களின் படிப்புக்கென ஒரு சிறு நிதி வைத்துள்ளோம். எல்லாப் பாடங்களிலும் தேறியவர்க்கே உதவி என்பது நாம் வகுத்த விதி. சென்ற ஆண்டு இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன் விண்ணப்பித்தான். கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் பெற்றவன். தெலுங்கில் மட்டும் தவறியவன். விதியைக் காட்டி அவ்விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியோருள் யாமும் ஒருவர். கையொப்பமிட்டபொழுது எமக்கு ஐயம் எழவில்லை. இவ்வரலாற்றைப் படித்தபின்னர் இரவில் உறக்கம் வரவில்லை.

அச்சிறுவன் இராமானுஜன் ஆவான் என்று யாம் கூறவில்லை. அவன் யாராவான் என்பதை நாம் அறியோம். இராமச்சந்திர ராவும் அன்று அறிந்தாரில்லை; அறியாமலே திங்கள் 25 ரூபாய் கொடுத்தார். தேர்வில் முதன்மை பெற்றவர்க்குத் தருவது பரிசு. உழைக்க விரும்புவோர்க்குப் பசியற்ற நாள்களைத் தருவதே உதவிச் சம்பளம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியது நம் பிழை.

ஆதலின் சங்கத்தாரை யாம் பணிந்து வேண்டுவது இது. நம் நிதியில் ஆண்டுதோறும் ஓரிடத்தை விதிக்கு அடங்காத ஒருவர்க்கென ஒதுக்குவோம். ஆசிரியர் ஒருவரின் சான்று போதும். மூன்று திங்கட்கு ஒருமுறை அம்மாணவர் தம் படிப்பைப் பற்றி எழுதித் தரட்டும். தவறிய பாடத்திற்குத் தனியே கற்பிக்க நம்மில் தெலுங்கு வல்லோர் இலரா? முதலிடத்தை அச்சிறுவனுக்கே அளிப்போம். அவன் இல்லத்திற்குச் சென்று அதனைத் தெரிவிக்கும் பொறுப்பை யாமே ஏற்றுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!